ஒற்றைக் கண்ணுக்கு ஒரு கை

ஆட்டுக் கண் வாங்கியது நான்தான். அதை நான் யாரிடமும் மறுத்ததில்லை. ஒரு புதன்கிழமை காலை, சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டோடு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் கறிக்கடையில் வரிசையில் நின்று நாலு கண் வாங்கினேன். ஐஸ் போட்ட டிபன் பாக்ஸில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துவந்தேன். பிற்பாடு ஊர் அதைக் கஞ்சா கடத்தியதுபோல் பேசியது. பேசட்டும். நடந்தது என்னவென்று முழுசாகத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களில் வாயைத் திறக்கக்கூடியவள் நான் ஒருத்திதான்.

கறிக்கடைக்காரர் அன்றைக்கே கேட்டார். "ஏனுங் சிஸ்டர், தலைக்கறி வேணுங்கறவங்க தலையோட வாங்குவாங்க. நீங்க கண்ணை மட்டும் கேக்கறீங்க. ஏதாச்சும் வேண்டுதலுங்களா?"

"ஆமாங்க. நல்ல டாக்டர் அமையோணும்னு வேண்டுதல்."

அவர் சிரிக்கவில்லை. கத்தியைத் தீட்டிக்கொண்டு, ஒரு கண்ணிலும் கீறல் படாமல் எடுத்துக்கொடுத்தார். அந்தக் கை எனக்குப் பிடித்திருந்தது. அவர் எம்.பி.பி.எஸ். படிக்காமல் போனாரே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் ஊர் தாராபுரத்துக்கும் கோவைக்கும் நடுவில் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரி உண்டு. அதில் கண் ஆபரேஷனுக்கென்று தனி தியேட்டர் உண்டு, மேஜை உண்டு, நல்ல மைக்ராஸ்கோப் உண்டு, பத்தொன்பது வருடமாக அந்தத் தியேட்டர் நர்ஸாக நான் உண்டு. ஆபரேஷன் செய்யும் டாக்டர்தான் இல்லை. இருந்தவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை தியேட்டரைத் திறந்து, துடைத்து, மைக்ராஸ்கோப்புக்கு உறை மாட்டி, மறுபடி பூட்டுவேன். காத்திருப்போர் நோட்டு மட்டும் நிரம்பிக்கொண்டே போனது.

கடைசியில் மேலிடம் இறங்கிவந்து, ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக ஒரு கண் அறுவை மருத்துவரை நாங்களே அமர்த்திக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. நாய்க்கடி ஊசி அறிவிப்புக்குப் பக்கத்தில் அந்த அறிவிப்பையும் ஒட்டினோம். விசாரித்து போன் வந்தது. குவார்ட்டர்ஸில் ஏசி உண்டா என்று ஒருவர் கேட்டார். கோவை ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக் வைத்திருந்த இன்னொருவர், வாரம் ஒருநாள் வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு, ஆபரேஷனைத் தன் கிளினிக்கிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். எங்கள் தலைமை மருத்துவர் அவருக்கும் "ரொம்ப நன்றிங்க, யோசிச்சுச் சொல்றோமுங்க" என்றார். அவர் நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்த இரண்டு வருடத்தையும் யார் மனமும் நோகாமல் கழித்துவிட வேண்டும் என்று விரதம்போல் இருந்தார்.

நோட்டில் முதல் பெயராக ஒரு அக்கா இருந்தாள். ஊரே 'பெரிய தோட்டத்துக்காரர்' என்று சொல்லும் தென்னந்தோப்பு முதலாளியின் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயவைக்கும் வேலை. சிறுவயதில் காய்ந்த பருத்திமார்க் குச்சி குத்தி இடது கண் போய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழுந்து, அதுவும் முற்றிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு கண்ணில் ஆபரேஷன் சரியில்லாமல் போனால் இன்னொரு கண் இருக்கிறது. இவளுக்கு அது கிடையாது. சும்மா விட்டாலும் ஆபத்துதான். புரை மிஞ்சி முற்றினால் கண்ணுக்குள் பிரஷர் ஏறும், ஏறினால் நரம்பு செத்துவிடும், அப்புறம் எந்த டாக்டர் வந்தும் பயனில்லை.

கோவைக்குப் போகலாமே என்று எல்லோரும் லேசாகச் சொன்னார்கள். அவள் ஒருமுறை போனாள். சர்க்கரை அதிகம், குறைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். கூடப் போன மருமகளுக்கு இரண்டு நாள் வேலை போனது. வீட்டில் புருஷன் இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிறார், அவரைப் பார்க்க ஆளில்லை. இவ்வளவு காரணமும் இருந்தது. ஆனால் அவள் சொன்ன காரணம் வேறு.

"எங்கூருல கவுருமென்ட்டு ஆசுபத்திரி இருக்குது. அதுல கண்ணறுக்கற ரூம்பு இருக்குது. நான் எதுக்கு அம்மணி இன்னொரு ஊருக்குப் போயி அவிய வாசல்ல உக்காரோணும்? நீ ஆளைக் கொண்டா. நான் இங்கதான் அறுத்துக்குவேன்."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவாள். வந்து இதைச் சொல்வாள், ஆளைக் கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னதும் போவாள். கெஞ்சியதே இல்லை. கெஞ்சாத நோயாளியைக் கண்டால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கு மரியாதை வந்தது.

இரண்டாவது அறிவிப்புக்கு இரண்டு பேர் வருவதாகச் சொன்னார்கள். புதன்கிழமை நேர்முகத் தேர்வு. தேர்வுக் குழுவில் மூன்று பேர்: தலைமை மருத்துவர், மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா, நோயாளர் நலச் சங்க உறுப்பினர் என்ற முறையில் பெரிய தோட்டத்துக்காரர். வந்த இருவரில் ஒருவர் அவருடைய அக்கா மகன். குழுவில் மாமா, நாற்காலியில் மருமகன். இதில் என்ன தப்பு என்று கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது. ஊர்ப் பிள்ளை ஊருக்கு வருகிறான் என்பார்கள்.

எங்கள் பக்கத்தில் ஆள் எடுக்கும் விதம் எனக்குத் தெரியும். படிப்பைக் கேட்கும் முன்னால் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊரைச் சொன்னால் யார் வீடு என்று கேட்பார்கள். யார் வீடு என்று தெரிந்ததும், "அடடே, நம்மவுங்க" என்று காபி சொல்லிவிடுவார்கள். படிப்பைக் கேட்க மறந்துபோகும். கையைக் கேட்டவர்கள் யாருமே கிடையாது. ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் ஒரு தற்காலிக டாக்டரை எடுத்தார்கள். நல்ல வீட்டுப் பிள்ளை. முதல் வாரமே அவர் கை நடுங்குவதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. நர்ஸ் சொல்லலாமா என்று பயந்தேன். மூன்றாவது வாரம் ஒரு பெரியவருக்குப் பார்வை போனது. டாக்டர் ஆறு மாதம் முடிந்து, அனுபவச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பெரியவர் மட்டும் ரொம்ப நாள் ஓ.பி.க்கு வந்து, "அந்த டாக்டர் வந்துட்டாருங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் கண் பிழைத்திருக்கும். அந்தக் குற்றத்தில் எனக்குப் பாதி பங்கு உண்டு. அதை நான் யார்மேலும் தள்ளிவிட முடியாது.

அதனால்தான் ஆட்டுக் கண். கண் ஆபரேஷன் படிக்கிறவர்கள் ஆட்டுக் கண்ணில்தான் கை பழகுவார்கள். அதில் வெட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். ஆனால் "வெட்டிக் காட்டுங்கள்" என்று ஒரு டாக்டரிடம் ஒரு நர்ஸ் சொல்ல முடியுமா? அதுவும் பெரிய தோட்டத்துக்காரர் வீட்டு டாக்டரிடம்?

எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதை அதிகம் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். அந்த மரியாதை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகும் என்று என் அப்பாவைக் கேட்டிருக்க வேண்டும். பெரிய தோட்டத்துக்காரரின் அப்பாவிடம் முப்பது வருடம் பண்ணையாளாக இருந்தவர் அவர். அந்த வீட்டில் அரை டிராயர் போட்ட பிள்ளைகள் அவரைப் பேர் சொல்லி 'வாடா' என்றார்கள். அவர் அந்தப் பிள்ளைகளை எசமானுக்குரிய 'பண்ணாடி' போட்டுக் கூப்பிட்டார். நான் படித்து வேலைக்கு வந்ததும் எனக்கு 'வாங்க' கிடைத்தது. அது எனக்குக் கிடைத்ததா என் வெள்ளைக் கோட்டுக்குக் கிடைத்ததா என்ற சந்தேகம் எனக்கு இன்றும் உண்டு. போகட்டும். அன்றைக்கு அந்த மரியாதையையே கையில் எடுத்தேன்.

காத்திருப்போர் நோட்டைக் கொடுக்கிற சாக்கில் நேர்முகத் தேர்வு அறைக்குள் போனேன். பக்கோடாத் தட்டு பாதி காலியாகியிருந்தது. "சார், மன்னிச்சுக்கோங்க," என்று இழுத்தேன். "மைக்ராஸ்கோப்பு எட்டு மாசமாச் சும்மா நிக்குதுங்க. நான் வெறும் நர்ஸு, எனக்கென்ன தெரியும். ரெண்டு டாக்டருங்களும் வந்திருக்கறப்பவே ஒருக்கா அதுல கை வெச்சுப் பார்த்துச் சொல்லிப்போட்டாங்கன்னா, ரிப்பேருக்கு எழுதறதா வேண்டாமான்னு தெரிஞ்சுக்குவனுங்க. ஆட்டுக் கண்ணு கூட ஏற்பாடு பண்ணிப்போட்டனுங்க."

யாரும் மறுக்க முடியாத மரியாதை அது. மாவட்ட அதிகாரி அம்மா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "நல்ல யோசனைதானுங்களே" என்று எழுந்துவிட்டார். அவர் எழுந்ததும் எல்லோரும் எழ வேண்டியதாயிற்று.

தியேட்டருக்குள் ஆட்டுக் கண்ணைக் கொண்டுபோக நான் பைத்தியமில்லை. மைக்ராஸ்கோப்பைப் பக்கத்துச் சாமான் அறைக்குத் தள்ளிவந்து, கழித்துப்போட்ட பழைய கருவிகளைக் கழுவி அடுக்கி, தெர்மோகோலில் குழி தோண்டி ஒவ்வொரு கண்ணாகப் பதித்து வைத்திருந்தேன்.

வந்த இருவரையும் பற்றி எனக்கு ஏற்கெனவே ஒரு முடிவு இருந்தது. கோவையிலிருந்து பஸ்ஸில் வந்த டாக்டரம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. வாட்ச்மேனையும் 'வாங்க போங்க' என்றார். கையில் சொந்த டிபன் பை. எனக்கு உடனே பிடித்துவிட்டது. இவர்தான் நம் ஆள் என்று முடிவு கட்டிவிட்டேன். மருமகனோ பெரிய காரில் வந்தான். வெள்ளை ஷூ. எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லவில்லை. வந்ததும் காத்திருப்போர் நோட்டைக் கேட்டு வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் புரட்டிக்கொண்டிருந்தான். திமிர் என்று நினைத்தேன். இந்தத் திமிரை இன்றைக்கு எல்லோர் முன்னாலும் பார்த்துவிடலாம் என்று உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா முதலில் உட்கார்ந்தார். லென்ஸைச் சுற்றி ஒரு பை இருக்கிறது. வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. அதன் முன்பக்கத்தை வட்டமாகக் கிழித்து லென்ஸை வெளியே எடுக்க வேண்டும், பின்பக்கம் கிழியவே கூடாது. கிழிந்தால் உள்ளேயிருக்கும் கூழ் முன்னால் வந்துவிடும். டாக்டரம்மாவின் கை அழுத்தியது. வட்டம் ஓடிப்போய் ஓரத்தில் கிழிந்தது. கூழ் வந்தது. அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு எழுந்து, குழுவைப் பார்த்து நேராகவே சொன்னார்.

"ரெண்டு வருசமாக் கண்ணாடிக் கடையில பவர் பாக்கற வேலைதானுங்க. கை விட்டுப்போச்சு. இப்போ இந்த வேலைக்கு நான் ஆக மாட்டனுங்க."

அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் அது ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் இல்லை.

அடுத்து மருமகன். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தான். நாற்காலியின் உயரத்தை இரண்டுமுறை மாற்றினான். முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, சுண்டுவிரலைத் தெர்மோகோலில் ஊன்றினான். அதற்குப் பிறகு அந்தக் கை அசைந்ததே தெரியவில்லை, வேலை மட்டும் நடந்தது. வட்டம் வட்டமாகவே வந்தது. ஊறவைத்த மொச்சையிலிருந்து பருப்பு கழல்வதுபோல் லென்ஸ் கழன்று வெளியே வந்தது. பின்பக்கப் பை அப்படியே இருந்தது. மைக்ராஸ்கோப்பில் உதவியாளருக்கான பக்கத்துக் குழல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ டாக்டர்களுக்குக் கருவி எடுத்துக்கொடுத்தவள் நான். இப்படி ஒரு கையை அந்தத் தியேட்டர் பார்த்ததில்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "சிஸ்டர், இன்னொரு கண்ணு இருக்குதுங்களா? இதைச் சித்தெ வேற மாதிரி செஞ்சு பாக்கோணும்."

வேறு மாநிலத்தில் முகாம் முகாமாக ஆபரேஷன் செய்யும் இடத்தில் படித்தவன் என்று பிறகுதான் தெரிந்தது. நோட்டைப் புரட்டியது திமிரால் அல்ல. "முதல் பேருல ஒத்தக் கண்ணுன்னு எழுதியிருக்குது. அந்தம்மாவுக்குக் கண் பிரஷர் எத்தனைங்க?" என்று கேட்டான். யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்துக் கையைத் தீர்மானிக்கிறார்களே என்று ஊரைத் திட்டிய நானும் அதையேதான் செய்திருந்தேன். வீட்டைப் பார்த்து அவன் கை ஆகாது என்று முடிவு கட்டியிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சோதனை வைத்ததற்காக வெட்கப்படவில்லை. அதை வைத்திராவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

அதிகாரி அம்மா அங்கேயே அவன் நியமனத்தில் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை இது.

வியாழக்கிழமையே ஊர் வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. பெரிய வீட்டு டாக்டரை ஆட்டுக் கண் வெட்டச் சொல்லி நர்ஸம்மா பரீட்சை வைத்தாராம். கீழே சிரிக்கிற பொம்மைகள். யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது, பக்கோடா எடுத்துவந்த கேன்டீன்காரர்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. பெரிய தோட்டத்துக்காரர் தலைமை மருத்துவருக்குப் போன் செய்து, "எங்க பையன் அங்க வர மாட்டானுங்க" என்றார். வெள்ளிக்கிழமை எனக்குக் குறிப்பாணை. தேர்வுக் குழுவின் அனுமதியின்றி மருத்துவர்களை அவமதிக்கும் விதமாக நடந்துகொண்டது குறித்து மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும்.

தலைமை மருத்துவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நீங்க ஒரு வார்த்தை, தெரியாம செஞ்சுபோட்டேன்னு எழுதிக் குடுத்துருங்க சிஸ்டர். நான் பேசிச் சரி பண்ணிடறேன்."

"தெரிஞ்சுதான சார் செஞ்சேன்."

"அது எனக்கும் தெரியுமுங்க. பேப்பர்ல எழுதறதுக்குச் சொல்றேன்."

நான் எழுதினேன். ஆட்டுக் கண் வாங்கியது உண்மை. மருத்துவர்களை வெட்டிக் காட்டச் செய்ததும் உண்மை. இனி எந்தத் தற்காலிக மருத்துவரை அமர்த்தினாலும் இவ்வாறே செய்ய வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதைப் படித்துவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீரமாக எழுதிவிட்டேன், சரி. ஆனால் டாக்டர் இல்லை. டாக்டரம்மாவும் போய்விட்டார், இவனும் வரமாட்டான், எல்லாம் என்னால். சனிக்கிழமை மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த அக்கா வந்தாள். கண் சிவந்து, தலைவலியில் வாந்தி எடுத்திருந்தாள். கண் பிரஷர் பார்த்தேன். இருபதுக்குள் இருக்க வேண்டியது நாற்பதைத் தாண்டியிருந்தது. மாத்திரையும் சொட்டு மருந்தும் கொடுத்துப் படுக்கவைத்தோம். அது நாலைந்து நாளைக்குத் தாங்கும், அதற்குமேல் தாங்காது. கோவைக்கு ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"ஆளைக் கொண்டுவர்றேன்னு சொன்னியே அம்மணி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் பெரிய தோட்டத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். என் அப்பா முப்பது வருடத்தில் அந்த வீட்டின் முன்வாசல் வழியாக ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. நானும் ஸ்கூட்டரை கேட்டுக்கு வெளியே நிறுத்தப் போனேன். பிறகு ஏனோ உள்ளேயே ஓட்டிக்கொண்டுபோய் அந்தப் பெரிய காருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் காலிங் பெல்லை அழுத்தினேன். வீட்டம்மா கதவைத் திறந்தார்.

"அட, சிஸ்டருங்களா. இப்படியே பக்கவாட்டுல சமையக்கட்டுப் பக்கம் வந்துருங்க, காபி குடுக்கறேன்."

சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. பழக்கம். பழக்கத்தில் சொல்வதுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. "பரவாயில்லீங்க அக்கா. இங்கயே நிக்கறேன். டாக்டரைப் பார்க்கோணும்," என்றேன்.

பெரிய தோட்டத்துக்காரர் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது.

"மன்னிப்புக் கேக்க ஊட்டுக்கே வந்துட்டீங்களா? அதெல்லாம் வேண்டாமுங்க. நாளைக்கு ஆபீசுல எழுதிக் குடுத்தாப் போதும்."

"மன்னிப்புக் கேக்க வரலீங்க சார். டாக்டரைக் கூப்பிட வந்தேன்."

"அவனை ஊரே சிரிக்க வெச்சுப்போட்டு, இப்போ கூப்பிட வந்தீங்களா? உங்கப்பன் இருந்திருந்தா இப்படி எங்க முன்னால நின்னு பேசியிருப்பானா?"

அவருடைய 'ங்க' எனக்கு மட்டும்தான், என் அப்பாவுக்கு இல்லை. இதற்குமேல் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றியது. "நின்னிருக்க மாட்டாருங்க சார்," என்றேன். "அவருக்கும் சேர்த்துத்தான் நான் நிக்கறேன். உங்க களத்துல தேங்கா உடைக்கற அக்காவுக்கு நாளன்னிக்குள்ள ஆபரேஷன் ஆகலைன்னா இருக்கற ஒத்தக் கண்ணும் போயிரும். அதைக் காப்பாத்தற கை இந்த ஊட்டுல இருக்குது. அந்தக் கையை நான் என்ற கண்ணால பார்த்தேன். இல்லாட்டி இந்த வாசலுக்கு நான் வந்திருக்க மாட்டேன்."

அவர் பதில் சொல்லும் முன் மருமகன் உள்ளிருந்து வந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"பிரஷர் எவ்வளவுங்க?"

சொன்னேன். கொடுத்த மருந்தையும் சொன்னேன். எத்தனை மணிக்கு என்று கேட்டான். அதையும் சொன்னேன். சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருந்தது. "டாக்டர், உங்க கை ஆகாதுன்னு நெனச்சுத்தான் அந்தக் கண்ணை வெச்சனுங்க."

"அது தெரியுமுங்க சிஸ்டர்," என்றான். "உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுது." உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்ட ஆரம்பித்தான்.

"நீ எங்க போறே?" என்றார் மாமா.

"ஆஸ்பத்திரிக்குங்க மாமா. எனக்குப் பரீட்சை வெச்சதுல வருத்தம் இல்லீங்க. பாஸாகிப்போட்டேன். பாஸான வேலைக்குப் போகாட்டித்தான் ஊர் சிரிக்கும்."

அன்றிலிருந்து அவனை நான் 'அவர்' என்று சொல்ல ஆரம்பித்தேன். வீட்டுக்காக அல்ல, இந்த ஒரு வாக்கியத்துக்காக.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குள் வார்டில் ஊசி போட்டுச் சர்க்கரையையும் இறக்கியிருந்தோம். முந்தின நாள் அந்த அக்காவிடம் டாக்டர் யாரென்று சொன்னேன். "அந்த ஊட்டுப் பையனா?" என்றாள். அவள் அந்தக் களத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். அந்த வீட்டு வார்த்தைகளை என் அப்பாவைப்போல் அவளும் கேட்டிருக்கிறாள்.

"ஊட்டைப் பார்க்காதீங்க அக்கா. நானும் அதைத்தான் பார்த்து ஏமாந்தேன். கையைப் பார்த்துட்டேன். நல்ல கை."

"நீ பார்த்தாச் சரி," என்றாள்.

மேஜையில் அவளைப் படுக்கவைத்து, ஊசி போட்டு, அந்த ஒரே கண்ணை மட்டும் விட்டு மிச்சமெல்லாம் பச்சைத் துணியால் மூடினோம். அந்த இருபது நிமிடத்தை விவரமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. புரை கெட்டியாக, பழுப்பாக இருந்தது. பை பலவீனமாக இருந்தது. ஒரு கட்டத்தில் டாக்டர் கையை அப்படியே நிறுத்தினார். மூச்சுகூட விடவில்லை. நானும் விடவில்லை. துணிக்கு அடியிலிருந்து, "ஏனுங், முடிஞ்சுதுங்களா?" என்று அவள் கேட்டாள். "இன்னுங் கொஞ்சமுங்க," என்றார் அவர், ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரிடம் சொல்வதுபோல். பிறகு லென்ஸ் வந்தது. பை கிழியாமல் நின்றது. புது லென்ஸ் உள்ளே போய் உட்கார்ந்ததும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தியேட்டரில் நர்ஸ் அழக்கூடாது.

மறுநாள் காலை கட்டுப் பிரித்தார். அவள் கண்ணைக் கொட்டினாள். மெதுவாகத் திறந்தாள். என்ன தெரிகிறது என்று கேட்டார். வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சட்டையில ஒரு பொத்தானை மாத்திப் போட்டிருக்கறீங்க டாக்டர்," என்றாள். அவர் குனிந்து பார்த்தார். அப்படித்தான் இருந்தது. வார்டே சிரித்தது. "உங்களுக்கு நல்லாத் தெரியுது. இனிப் படுத்தே கெடக்காதீங்க. எந்திரிச்சுச் சித்தெ நடங்க," என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பத்து மணிவாக்கில், டாக்டர் இன்னும் வார்டில் இருக்கும்போதே, பெரிய தோட்டத்துக்காரர் வந்தார். கையில் பழப் பை. மருமகன் இங்கே செய்த முதல் ஆபரேஷன் நன்றாக முடிந்த செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது, ஆட்டுக் கண்ணை இப்போது யாரும் பேசவில்லை. அவர் உள்ளே நுழைந்ததும் வார்டில் இருந்த ஆண்கள் எழுந்தார்கள். பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்கள். அக்காவின் மருமகள் சுவரோரம் ஒதுங்கினாள். இருபது வருடமாக அவரைக் கண்டதும் தேங்காயைப் போட்டுவிட்டு எழுந்து நின்ற அக்கா, கட்டிலின் நடுவில் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். அவர் கட்டிலருகே வந்து நின்றார். கொஞ்சம் காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும்.

அவள் அந்தக் கண்ணால் அவரை முகத்துக்கு நேராகப் பார்த்தாள். "எந்திரிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க," என்றாள்.

அவர் மருமகன் பக்கம் திரும்பினார். "அப்படியா மாப்பிள்ளை?"

டாக்டர் அடுத்த கட்டிலிலிருந்து நிமிர்ந்தார். அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கேஸ் ஷீட்டில், அவர் கையெழுத்திலேயே, 'நடக்கலாம்' என்று எழுதியிருந்தது.

"ஆமாங்க மாமா," என்றார். "நாந்தான் சொன்னேன்."

எங்கள் வார்டில் நாற்காலி கிடையாது. பெரிய தோட்டத்துக்காரர் நின்றபடியே நலம் விசாரித்தார். அவள் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.